விஷம் கலக்காத குழாய்

தேரைக்கு விஷம் உண்டா என்று கேட்டால் உண்டு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு என்று சொல்லத்தான் எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

போர்ட் பிளேருக்கு வடக்கே, ரங்கத் என்ற தீவு ஊரில் எங்கள் வீட்டுப் பின்அறைதான் என் ஆய்வுக்கூடம். மழை பிடித்ததும் வாய்க்கால் ஓரத்தில் தேரைகள் கூடும். ஒன்றைப் பிடித்து, கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, அங்கேயே விட்டுவிடுவேன். பஞ்சில் வந்த வெள்ளைப் பாலை உப்புநீரில் பல அளவுகளில் கரைத்துச் சோதனைக் குழாய்களில் ஊற்றி, அதில் தூசி போன்ற இறால் குஞ்சுகளை விட்டு, மறுநாள் எத்தனை செத்தன என்று லென்ஸ் வைத்து எண்ண வேண்டும். கூடவே விஷமே கலக்காத ஒரு குழாயும் வேண்டும். அதில் குஞ்சுகள் பிழைத்திருந்தால்தான் மற்றதை நம்பலாம்.

முதல் வாரம் அந்தக் குழாயில் எல்லாம் நன்றாக நீந்தின. பிறகு மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய ஆய்வு உப்புப் பாக்கெட் கப்பலோடு தாமதமானது. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் வேலை பார்க்கும் அப்பாவிடம் புலம்பினேன்.

"சமுந்தர் முழுக்க உப்புதானே? இதுக்குப் போய் டென்ஷன் ஆவுறியே," என்றார்.

தினமும் ஜெட்டியிலிருந்து அவரோடு ஒரு கேன் கடல்நீர் வந்தது. விஷம் கலக்காத குழாயை மறுபடி வைக்க எனக்குச் சோம்பல். முதல் வார எண்ணிக்கையையே அட்டவணையில் போட்டுக்கொண்டேன்.

மிகக் குறைந்த அளவிலும் குஞ்சுகள் கூண்டோடு செத்தன. போர்ட் பிளேரில் இருந்த என் வழிகாட்டி மேடத்துக்கு ஒரே சந்தோஷம். உடனே எழுதி அனுப்பச் சொன்னார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது. விஷம் கூடினாலும் குறைந்தாலும் சாவு மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்? வெறும் ஜெட்டித் தண்ணீரில் குஞ்சுகளை விட்டேன். மறுநாள் ஒன்றுகூட அசையவில்லை. கேனை முகர்ந்தேன். லேசான டீசல் வாடை. இத்தனை நாள் என் மூக்கு எங்கே போயிருந்தது என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்பாவிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் கேன்ல கொண்டாந்த பானியாலயா எல்லாம் கராப் ஆச்சு?"

"புலம்புனது நான்ப்பா. சோதிக்காம ஊத்துனதும் நான்தான்."

மேடத்திடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். மழை முடிந்து தேரைகள் கலைந்திருந்தன. அடுத்த மழை வரை இழுத்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். நிற்கட்டும் என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அட்டவணைக்கு மேல் என் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. ட்யூஷன் எடுத்து ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அடுத்த மழைக்கு முன்பே உப்பை வரவழைத்தேன். ஒவ்வொரு தடவையும் விஷம் கலக்காத குழாயைத்தான் முதலில் வைத்தேன். அடர்த்தியான கரைசலில் குஞ்சுகள் செத்தன. நடுவில் பாதி பிழைத்தன. மிகக் குறைந்த அளவில் ஒன்றுவிடாமல் நீந்தின. அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

மேடம் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"போன வருஷ அட்டவணை இங்க ஏன் இருக்கு?"

"எப்படித் தப்பாச்சுன்னு கீழ எழுதியிருக்கேன் மேடம்."

"வைவால எக்ஸாமினருங்க இதைத்தான் பிடிச்சுக் கேப்பாங்க."

"கேக்கட்டும் மேடம்," என்றேன். "அதுக்குத்தான் வச்சிருக்கேன்."