ஐந்தே முக்கால் பஸ்

மாட்டுச் சாணமும் ஈரச் சோளத்தட்டையும் கலந்த வாடைக்கு மேல் டீசல் புகை ஏறினால், ஹம் நகருக்குப் போகும் காலை ஐந்தே முக்கால் பஸ் வந்துவிட்டதென்று கட்டிலில் கிடந்தபடியே எனக்குத் தெரியும். பெரும்பாலும் அதில் ஏறும் ஒரே ஆள், மாதச் சீட்டு வாங்கி வைத்திருந்த என் அம்மாதான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்தச் சின்ன ஜெர்மன் கிராமத்தில் நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம்; அப்பாவுக்கு அங்கே பன்றிப் பண்ணையில் வேலை, அம்மாவுக்கு நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை. இருவரின் சம்பளச் சீட்டையும் காட்டினால்தான் விசா வருடக் கணக்கில் நீளும்.

நாங்கள் குடிபோன வருடமே அங்கிருந்த, ரொட்டி விற்கும் "பாண்கடை" பூட்டியாயிற்று. பிறகு தபால் "கந்தோர்" போனது, டொக்டர் ஓய்வுபெற்றார், அவர் இடத்துக்கு வேறெவரும் வரவில்லை. ஒவ்வொன்று போகும்போதும் ஊரார் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். காரில்லாத நாங்கள்தான் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பஸ்ஸையும் நிறுத்தப் போகிறார்கள் என்றதும் பக்கத்து வீட்டுக் கெல்லர் அம்மையார் மனு ஒன்றோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். கதவைத் திறந்தது பதினொரு வயதான நான்; வீட்டில் ஜெர்மன் சரளமாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள். "முக்கியமாக உன் அம்மாவின் கையெழுத்து வேண்டும்" என்றார். சமையல் நடந்துகொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

"வேண்டாம் பிள்ளை, எங்கட பேர் அதிலை இருந்தா விசாக் கந்தோரிலை எடுத்துப் பாப்பாங்கள். அம்மா வீட்டிலை இல்லையெண்டு சொல்லு" என்றார் அம்மா.

"ஓம், சொல்லிவிடு. பேர் குடுத்துப் பட்டது காணும், போதும்" என்றார் அப்பா. யாழ்ப்பாணத்தில் ஏதோவொரு பட்டியலில் பெயர் எழுதிக் கொடுத்த மாமா திரும்பி வரவேயில்லை; ஆகவே எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சில்லை. நான் போய்ப் பொய் சொன்னேன். பருப்புத் தாளிக்கும் மணம் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. அந்த மனுஷி என்னைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு இறங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்துப் பஸ் தரிப்பிடத்தில் நிர்வாகத்தின் பதில் கடிதம் ஒட்டியிருந்தது. மாதச் சீட்டு வைத்திருக்கும் ஒருவர்கூட மனுவில் கையெழுத்திடவில்லை, ஆகவே பஸ் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"என்ன எழுதிக்கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"பஸ் இனி இல்லையாம்" என்றேன். மீதியை விழுங்கிவிட்டேன். இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

அம்மா சைக்கிள் பழகினார். பனியில் இரண்டு முறை விழுந்தார், பல நாள் பிந்திப் போனார், தை மாதத்தோடு வேலை போயிற்று. ஒற்றைச் சம்பளத்துக்கு விசா ஆறாறு மாதமாகத்தான் கிடைத்தது. விசாக் கந்தோரின் கடிதம் வரும் நாட்களில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அம்மாவுக்கு அதன்பிறகு வேலையே கிடைக்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். தரிப்பிடத்தின் கூரையையும் கழற்றிவிட்டார்கள், பஸ் நின்ற இடத்தில் புல். கெல்லர் அம்மையாரின் வீடு பூட்டிக் கிடந்தது. இப்போது ஹம்மில் சிறு அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்.

"அண்டைக்கு நான் கையெழுத்து வைச்சிருந்தா எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள். என்ன பிள்ளை?"

"ஓம் அம்மா" என்கிறேன்.