கத்தரிப்பூச் சேலைக்குள் ரஷ்யக் கையெழுத்து

யுத்தத்துக்குப் போய் வந்தவர்கள் கம்பளி கொண்டுவந்தார்கள், காலித் தோட்டா கொண்டுவந்தார்கள், ஒருவர் பெரிய மீசையை மட்டும் கொண்டுவந்தார். எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் கேட்டது கையெழுத்து.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தார்கள். பாரசீகத்து மலைகளைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோய் ரஷ்யப் பட்டாளத்திடம் இறக்குவது அவர்கள் வேலை. வாங்கிக்கொண்ட அதிகாரி சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, வட்டமாக ஒரு முத்திரை குத்துவான். அதில் ஒரு நகல் டிரைவரின் சட்டைப்பையில் கிடந்து ஊர்வரை வந்துவிடும். ஒரு கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், இன்னொன்று சாட்டையைச் சுழற்றின மாதிரி. விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் எங்களுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. ஒரு சீட்டுக்கு ஒரு துண்டு என்று கொடுத்து ஆறு சீட்டுச் சேர்த்திருந்தேன். கல்யாணமாகாத இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு வேறென்ன வேலை?

ஏழாவதுதான் வில்லங்கம். அது சீட்டல்ல, கடிதம். பனியில் மலைப்பாதையில் லாரியைச் சேதமில்லாமல் கொண்டுவந்த டிரைவருக்கு ஒரு ரஷ்யக் கேப்டன் எழுதிக்கொடுத்த நற்சான்று. கீழே ஒரு கையெழுத்து இருந்தது பாருங்கள், மல்லிகைக்கொடி கூட அப்படிப் படராது.

"துண்டு வேணாம் தம்பி, வேட்டியே கொடுத்தாலும் தர மாட்டேன்" என்றார் அந்த உசிலம்பட்டி டிரைவர். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஆள் தேடிய முதலாளி ஒருவர், மலையில் ஓட்டியதற்கு அத்தாட்சியோடு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தாராம். அதை இங்கிலீஷில் பெயர்த்தெழுதின நகல் அவர் கையில் இருந்தது. அசல் இல்லாமல் நகலை யார் நம்புவார்கள்?

"மூணே நாள் அண்ணே. பார்த்துட்டு வியாழக்கிழமை சாயங்காலம் கையில தந்துருவேன்."

"பத்திரம். பட்டாளத்த விட்டு வந்து ரெண்டு வருசமா வயக்காட்டுல நிக்கிறேன். இந்தப் பேப்பர்தான் என் ஸ்டீரிங்கு."

திங்கட்கிழமை கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில், தடைபோட்ட செங்கொடிக் கட்சிக்காரர்களைத் தேடிப் போலீஸ் வீடு வீடாகச் சோதனை போடுகிறது, ரஷ்ய எழுத்தில் ஒரு தாள் கிடைத்தாலும் உள்ளேதான் என்று காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் ஏழு இருந்தது.

வீடு வேண்டாம், கடைதான் பத்திரம் என்று என் மூளை சொன்னது. மேல் தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் ஏழு சேலைகள் மூன்று வருஷமாக யாரும் சீந்தாமல் கிடந்தன. எங்கள் சேலைகளை, சாயம் போடுவதற்காகக் கட்டின முடிச்சை அவிழ்க்காமலே மடித்து, மடிப்பு நிற்பதற்காக உள்ளே ஒரு அட்டை வைப்போம். ஏழு சேலையிலும் அட்டையை உருவிவிட்டுத் தாளைச் செருகினேன்.

மத்தியானம் கடைவாசலில் ஏட்டு நின்றார். முழு உடுப்பில்.

"சின்ன முதலாளி இருக்காரா?" என்று அப்பாவிடம் கேட்டது காதில் விழுந்ததுதான் தாமதம், பின்வாசல் வழியாக ஓடினேன். ஒரு செருப்பு கடையிலேயே நின்றுவிட்டது. வைகைக்குள் இறங்கி, சாயத்துணி அலசுகிறவர்களோடு சேர்ந்து பொழுது சாயும்வரை யாருடைய துணியையோ அலசினேன். கைகள் இரண்டும் நீலமாகிவிட்டன. பயத்தில் வந்த நிறமென்று ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் அப்பாவின் முகத்தில் தீபாவளி.

"எங்கடா போன? ஏட்டு அவுக சம்சாரத்துக்குச் சேலை எடுக்க வந்தாரு. கலர் பொறுக்க நீதான் கெட்டிக்காரன்னு யாரோ சொல்லிவிட்டிருக்காங்க. நீ இல்ல. நான் கத்தரிப்பூவைத் தள்ளிவிட்டுட்டேன்!"

மேல் தட்டில் ஆறு சேலைகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஆறு சீட்டும் இருந்தன. கடிதம் இல்லை. போனது போலீஸ்காரர் வீட்டுக்கு.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் வீட்டில் பேசுவது தமிழல்ல, எங்கள் சனத்துக்கென்று உள்ள தனிப் பாஷை; அதில் வசவுக்கு எத்தனை வார்த்தை உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். புதன்கிழமை இரண்டு தடவை போலீஸ் குடியிருப்பு வாசல்வரை போனேன். முதல் தடவை நாய் குரைத்தது, திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை நாய் குரைக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது, திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏட்டே வந்தார். ஒரு கையில் சேலை. மறு கையில் கேப்டனின் கடிதம்.

"இது என்ன?" என்றார்.

"சத்தியமா நான் எந்தக் கட்சியும் இல்லைங்கய்யா. எனக்குச் சிவப்புன்னாலே பிடிக்காது." சொன்னபோது எனக்குப் பின்னால் நூறு சிவப்புச் சேலை அடுக்கியிருந்தது.

"சிவப்ப யாரு கேட்டா? நான் எடுத்தது கத்தரிப்பூ. ஒரு தண்ணிக்கே சாயம் போயிருச்சு. வீட்டுல என்னைய ஒரு வழி பண்ணிட்டா. இந்தா, உள்ள கியாரண்டிச் சீட்டு வச்சிருக்கீகள்ல? முத்திரையெல்லாம் போட்டு? ஆனா எல்லாத்தையும் உங்க பாஷை எழுத்துல எழுதிவச்சா எங்களுக்கு எப்படிப்பா விளங்கும்? வாசி, கேப்போம்."

எங்கள் பாஷைக்கென்று தனி எழுத்து உண்டு என்பது ஊருக்கே தெரியும். அது எப்படியிருக்கும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கே சரியாகத் தெரியாது. கடிதத்தை வாங்கி, கேப்டனின் எழுத்தில் விரலை ஓட்டி, எங்கள் பாஷையில் வாய்க்கு வந்ததை வாசித்தேன். பிறகு தமிழில், "சாயம் போனால் வேறு சேலை தரப்படும்" என்றேன்.

"ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் அப்பா. அந்த ஒரு பொய்க்காக அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

நல்ல மாம்பழ நிறச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஏட்டு போகவில்லை.

"இதுக்குச் சீட்டு?"

"அது... பழசுங்கய்யா. புதுசா எழுதித் தாரேன்."

அந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை ராத்திரி ஒன்றிலேயே முந்நூறு தடவை பார்த்தவன் நான். ஒரு தாளை எடுத்து, தலைகீழாய் நின்ற மாதிரி நாலு வரி ரஷ்ய எழுத்து வரைந்தேன். கீழே கேப்டனின் கையெழுத்தை மல்லிகைக்கொடியாகவே படரவிட்டு, கடை முத்திரையைக் குத்தினேன். ஏட்டு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். போலீஸ் தேடிய மாதிரித் தாளைப் போலீஸ் வீட்டுக்கே கொடுத்தனுப்பியவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

சாயங்காலம் டிரைவர் வந்தார். கடிதத்தின் ஒரு மூலை கத்தரிப்பூ நிறத்தில் ஊறியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். முறைத்தார். அப்புறம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் பஸ் முதலாளி நகலைப் படித்தாராம், அசலின் முத்திரையைத் தடவிப் பார்த்தாராம், இந்தக் கறை என்னவென்று கேட்டாராம். "அந்த ஊர்ப் பனி விழுந்தா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாராம் நம்மவர்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பஸ்ஸில் போனேன். டிரைவர் சீட்டுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுக் கடிதம் தொங்கியது.

"அண்ணே, வேலைதான் கிடைச்சிருச்சே. இனிமே எனக்குத் தரலாம்ல?"

அவர் கியரை மாற்றினார். "அதெப்படித் தம்பி? சாயம் போனா வண்டி மாத்தித் தரணும்ல, அதுக்குச் சீட்டு வேணாமா?"