மஞ்சள் வரி

எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் அக்கா அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டே விரல்களால் கணினியில் கட்டளையைத் தட்டுவார். பிறகு கண்ணாடியை இறக்கி, திரையின் பதிலைப் படிப்பார். "என்னடா சொல்ற?" என்று அதட்டவும் செய்வார். கணினி மட்டும்தான் அவருக்கு 'டா'. கடைநிலை ஊழியர்கூட 'வாங்க, போங்க'தான்.

பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் அலுவலகம் எங்களுடையது. கோணலாக விழுந்த பக்கங்களை நிமிர்த்துவது அக்காவின் பொறுப்பு. அதற்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு சிறு கருவி இருக்கிறது. கருவியின் பெயரைத் தட்டினால் நானூறு பக்கமும் வரிசையாக நிமிர்ந்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல், யார் தயவும் இல்லாமல் அதைக் கற்றுக்கொண்டவர். அதனாலேயே யாரிடமும் சந்தேகம் கேட்க மாட்டார்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, பெயரைத் தட்டினார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை. கருவியைக் கணினியிலிருந்து நீக்கி மறுபடி நிறுவினார். நிறுவியாயிற்று என்றது. தட்டினார். இல்லை என்றது. "இருக்குங்கறான், இல்லைங்கறான். சரி, மறுபடி போடுறேன்." நான்கு வாரம் இதே கதை. 'மறுபடி அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவரோ பக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பிக்கொண்டிருந்தார்.

முதல் வாரத்திலேயே ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். அதே திங்கட்கிழமைதான் கணினி பழுதுபார்க்கிறவர் வந்து அவருடைய கீபோர்டை மாற்றிப்போனார். "அந்தத் தம்பிதான் எதையோ அழிச்சிட்டார்," என்றார் அக்கா. மேலாளருக்கு எழுத்தில் புகார் போனது. "அக்கா, நான் கீபோர்டைத் தவிர எதையும் தொடலை," என்று அந்த மனிதர் எல்லார் முன்னாலும் சொன்னார். மாற்றும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் சொன்னது உண்மை. மேலாளர் என்னைப் பார்த்தபோது நான் குனிந்து கோப்பைப் புரட்டினேன். அந்த மனிதரைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றினார்கள், பெட்டிகளில் சீட்டு ஒட்டுவதற்கு.

ஒரு பிற்பகல், பதினோராவது தடவையோ என்னவோ, மறுபடி நிறுவினார் அக்கா. ஒவ்வொரு தடவையும் கடைசியில் மஞ்சள் எழுத்தில் ஏதோ வரும். விளம்பரம் என்று நினைத்து அவர் படித்ததே இல்லை. அன்று படித்தார். கருவி இந்த ஃபோல்டரில் இருக்கிறது, ஆனால் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில் இந்த ஃபோல்டர் இல்லை என்றது அந்த வரி. ஃபோல்டரின் முழு முகவரியையும் கருவியின் பெயருக்கு முன்னால் சேர்த்துத் தட்டினார். பக்கங்கள் நிமிரத் தொடங்கின.

அக்கா சந்தோஷப்படவில்லை. திரையை அணைத்தார். முகம் கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

"இங்கேயேதாம்மா இருந்திருக்கு. அன்னைக்குக் காலையில நான்தான் பைத்தானைப் புதுசா மாத்தினேன். எதுவும் படிக்காம 'அடுத்து, அடுத்து'ன்னு அமுக்கிட்டே போனேன். அதுலதான் இந்த ஃபோல்டர் பட்டியல்ல சேராம விட்டுப்போச்சு."

மேலாளரிடம் போய்ச் சொன்னார். "விடுங்க மேடம், முடிஞ்சுபோன விஷயம்," என்றார் அவர். "அந்தத் தம்பிக்கு இன்னும் முடிஞ்சுபோகலையே சார்," என்று அக்கா புகாரைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட்டார். கிடங்குக்கு இறங்கினார். நானும் கூடவே போனேன். எனக்கும் சொல்ல வேண்டியது இருந்தது.

நாங்கள் இருவரும் சொன்னதை அந்த மனிதர் பசை ஒட்டிய கையோடு கேட்டார். "பேரைத் தட்டுறதுக்கு முன்னாடி 'பைத்தான்'னு போட்டு, ஒரு கோடு, ஒரு 'எம்' போடுங்க. முகவரியே வேண்டாம், அதுவே தேடிக்கும்," என்றார். அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டே, "அன்னைக்கே கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை மேடம்," என்றார்.

இதுவரை அக்கா என்றவர் மேடம் என்றதும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த மாதம் அந்த மனிதர் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். எங்கள் அறைக்கும் வருகிறார், வயர்களைச் சரிபார்க்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அவர் வாசலில் தலைகாட்டியதும் அக்கா எழுந்துவிடுகிறார். "உட்காருங்க மேடம், நான் பார்க்க வந்தது உங்க மிஷின் இல்லை," என்கிறார் அவர், திரும்பிப் பார்க்காமல். அவர் வேலை முடித்துப் போகும்வரை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றுகொண்டே இருக்கிறார்.