பாசி என்ற ஒரு சொல்

காரிமங்கலம் சந்தையில் மருந்துச் சீசாக்களுக்குத் தக்கை வாங்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் ஆஸ்பத்திரிச் சேவகர், "லேப் ஐயா போயிட்டாருங்க" என்றார். வத்தல்மலையில் பிடித்த காய்ச்சல் பொன்னுரங்கம் அவர்களைக் கொண்டுபோய்விட்டது.

தருமபுரியில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கு அவர் ரசாயனப் பரிசோதகர், நான் கம்பவுண்டர். யுத்தத்தில் மருந்து வரத்து நின்றபோது, தென்கடற்கரையிலிருந்து காய்ந்த கடற்பாசியை மூட்டையாக வரவழைத்தார். சோடா உப்பில் வேகவைத்துப் பிசினை வடித்து, அதில் வெள்ளி உப்பை ஏற்றுவார். "வெறும் பாசியில கிருமி குடித்தனம் பண்ணுமுங்க. குணத்தை மாத்தினாத்தான் கிருமியைக் கொல்லும்" என்பார். எல்லோருக்கும் இதே பிரசங்கம்தான். நான் பாதி காதில் வாங்குவேன்.

வத்தல்மலைக் குடியானவர் சின்னப்பையனின் கால் புண் அந்த மருந்தில்தான் ஆறியது. அவர் மனைவி காவேரி, "என்ன மருந்துங்க இது?" என்று கேட்டாள். வரிசை வாசல்வரை நின்றது. "பாசிதாம்மா" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மலையில் பாசி என்றால் குட்டையில் மிதக்கும் பச்சைப் பாசி. சாமை அறுக்கையில் கையை வெட்டிக்கொண்ட காவேரி, அதை அள்ளி வைத்துக் கட்டிக்கொண்டாள். டோலியில் கொண்டுவந்தபோது கை தோள்வரை வீங்கியிருந்தது. இரண்டாம் நாள் இறந்தாள்.

"மருந்து பாசிதான் என்று யார் இவர்களிடம் சொன்னது?" என்று பெரிய டாக்டர் கேட்டார். நான் கையிலிருந்த சீசாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொன்னுரங்கம் அவர்கள் என்னை ஒருமுறை பார்த்தார்கள். "நான்தானுங்க" என்றார்கள். அன்றே ஆராய்ச்சி நின்றது. பிசின் முழுவதையும் சாக்கடையில் கொட்டச் சொன்னார் பெரிய டாக்டர். கொட்டியவனும் நானே.

அதன்பின் பொன்னுரங்கம் அவர்கள் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலையேறி, வீடு வீடாக, "குட்டைப் பாசி வேறைங்க, மருந்து வேறைங்க" என்று சொல்லி வந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் புழுங்கினேன்.

ஐயாவை எடுத்துப்போன சுடுகாட்டுக்குச் சின்னப்பையனும் வந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "உங்க சம்சாரத்துக்கிட்ட பாசின்னு சொன்னது நானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. அவ சொல்லிட்டுத்தான் போனா. ஐயாகிட்டயும் சொன்னேன். ‘நீ கேக்காதப்பா, அவரே வந்து சொல்லுவாரு’ன்னு சொல்லிக் காத்துக்கிட்டே இருந்தாருங்க."

சிதை எரிந்துகொண்டிருந்தது. ஐயா, சொல்லிவிட்டேன். கேட்கத்தான் நீங்கள் இல்லை.