அம்மா தோய்த்த சோவியத் கோட்டு

இது நடந்த காலத்தில் நான் ஒன்றுமறியாச் சிறுவன் அல்லன். யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற கல்லூரியொன்றில் மூன்று தவணையும் வகுப்பில் முதலாம் பிள்ளையாக நின்றவன். பன்னிரண்டு வயதில் ரொறன்ரோவில் வந்திறங்கி, ஆறே மாதத்தில் ஆங்கில வாசிப்புக்காக ஆசிரியையிடம் பாராட்டுப் பெற்றவன். இன்று ரொறன்ரோவுக்கு அருகே விட்பியில் என் வீட்டு நிலக்கீழ் அறையில் பதினேழு சோவியத் இராணுவச் சீருடைகளும் ஒன்பது கொடிகளும் உள்ளன. கொடியின் பின்புறத்தில் அரிவாளும் சுத்தியலும் உண்டா என்று பார்த்தும், பொத்தானைத் திருப்பிப் பார்த்தும் காலம் சொல்லக்கூடியவன் என்று இந்நகரத்துச் சேகரிப்பாளர்கள் என்னை மதிக்கிறார்கள். அந்த மதிப்பு ரொறன்ரோவின் பார்க்டேலில், எங்கள் பழைய வீட்டுக் குளியல் தொட்டியில் ஆரம்பமானது.

சோவியத் நாடு கலைந்த மறு ஆண்டுக் குளிர்காலம் அது. எங்களுடன் தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் குளிருக்கேற்ற கோட்டு இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபமொன்றில் நடந்த பழம்பொருட் சந்தைக்கு என்னையும் அழைத்துச் சென்றார். வாசலில் நின்ற வியாபாரியிடம், முழங்காலுக்குக் கீழே இறங்கும் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டொன்றை வாங்கி அங்கேயே அணிந்துகொண்டார். பொத்தான்களில் நட்சத்திரம் பதித்திருந்தது. சோவியத் படைவீரன் அணிந்த கோட்டு என்றான் வியாபாரி.

மண்டபத்தின் உள்ளே சோவியத் சீருடைகளை மட்டும் பரப்பி வைத்திருந்தார் ஒரு முதியவர். உக்ரைனில் பிறந்தவர்; அந்தப் படையில் கட்டாய சேவை செய்தவர். அவர் தமது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த உடையைப் பற்றி அங்கு எவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அவர் மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உல்லாசப் பயணிகளுக்கென்று போன வருடம் தைத்த போலி என்று உரக்கச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவுக்கு மொழிபெயர்க்கவென்று கூட வந்த நான் அதைத் தமிழில் சொல்லாமல் விட்டேன். மாமாவுக்கு விளங்க அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழியில், ஸ்ரீட்கார் என்ற ட்ராம் வண்டியில், கோட்டின் உட்புறத்தைப் புரட்டினேன். உட்துணியில் மங்கிய மை முத்திரையொன்று இருந்தது: சில ரஷ்ய எழுத்துகள், அளவு, 1972 என்ற ஆண்டு.

“மாமா, இஞ்ச பாருங்கோ. வருசம் அடிச்சுக் கிடக்கு. இது பழசுதான்.”

“மெய்யே மருமோன்? அப்ப வாற சனிக்கிழமை உதைக் கிழவன்ர மூஞ்சைக்கு முன்னால விரிப்பம்!”

அன்று மாலைக்குள் அவருடன் வேலை செய்யும் நால்வருக்கும் செய்தி போய்விட்டது. “என்ன அண்ணை, ரஷ்யன் ஆமியிலயோ சேர்ந்திட்டியள்?” என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டது எனக்கும் கேட்டது. “சனிக்கிழமை வந்து பாரன். என்ர மருமோன் வாசிச்சவன். அவன் பிழைவிட மாட்டான்,” என்றார் மாமா. இவ்வாறு என் பெயர் அந்தக் கோட்டோடு பிணைக்கப்பட்டது.

அம்மாவை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

“ஆர் செத்துக் கழட்டினதோ! தோய்க்காமல் உது உள்ளுக்கு வரப்படாது.”

“அக்கா, உது கம்பளி...”

“கம்பளியெண்டால் தீட்டில்லையோ?”

இரண்டு நாள் கோட்டு வாசற்கதவருகே கிடந்தது. திங்கட்கிழமை நான் பாடசாலையிலும் மாமா வேலையிலும் இருந்தபோது, சுடுநீரும் உப்பும் ஒரு கைப்பிடி மஞ்சளும் கலந்து, அம்மா அதைக் குளியல் தொட்டியில் ஊறவைத்துத் தோய்த்துவிட்டார். நான் வீடு திரும்பியபோது முத்திரை இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை மாத்திரமே மிஞ்சியிருந்தது. மாமா இரண்டு நாள் தமக்கையுடன் பேசவில்லை. என்னிடம் மட்டும், “நீ வடிவா வாசிச்சனிதானே?” என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். முன்னர் என் வாசிப்பைப் பற்றி எவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கம்பளி காய நான்கு நாள் எடுத்தது. வெள்ளிக்கிழமை, ஈரம் இருக்கிறதா என்றறிய உட்பையை வெளியே இழுத்தேன். அதன் கரும்பச்சைப் பருத்தித் துணியில் மூன்று ரஷ்ய எழுத்துகளும் 74 என்ற இலக்கமும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் துலங்கின. யாரோ கையால் எழுதியவை. ஸ்ரீட்காரில் அந்தப் பையை நான் துழாவிப் பார்த்திருந்தேன். அழுக்கில் அப்போது ஒன்றும் தெரியவில்லை. மாமாவிடம் காட்டினேன். “கொண்டுபோய்ப் பாப்பம்,” என்றார். குரலில் உறுதி இல்லை.

சனிக்கிழமை நால்வரும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். முதியவர் கோட்டை முகர்ந்து பார்த்து, ரஷ்யப் படை இதற்குள்ளா கறி காய்ச்சியது என்று கேட்டார். மீண்டும் சிரிப்பு. நான் உட்பையை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றி அணிந்தார். பின்னர் மேசையின் கீழிருந்து தமது பழைய தொப்பியை எடுத்து உட்புறத்தைப் புரட்டினார். அங்கும் அதே மூன்று எழுத்துகள், வேறோர் இலக்கத்துடன், வெளிறிய நிறத்தில் இருந்தன. சலவைக் காரத்தில் தீக்குச்சியைத் தோய்த்துப் படைவீரர்கள் இரகசியமாக இவ்வாறு எழுதுவார்களாம். எழுதிய இடத்தில் சாயம் போய்விடும். அப்படிச் சாயம் போன இழைகளில்தான் அம்மாவின் மஞ்சள் ஏறியிருந்தது. எந்தப் போலித் தையற்காரனுக்கும் இது தெரியாது என்றார் முதியவர். அழிந்த முத்திரையில் நான் வாசித்த ஆண்டைக் கேட்டார். 1972 என்றேன். சேவை இரண்டு ஆண்டு. கணக்குச் சரி என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூறிவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்த உடையை அகற்றி எங்கள் கோட்டைத் தொங்கவிட்டார். அட்டையில் நான் சொன்ன ஆண்டையே எழுதினார்.

“அண்ணை, உங்கட மருமோன் பெரிய சுழியன்!” என்று நால்வரும் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

கோட்டு பங்குனி வரை அந்தப் பெட்டியில் இருந்தது. மாமா மெல்லிய சட்டையுடன் நடுங்கியபடி, ஆனால் நிமிர்ந்து, ஸ்ரீட்காரில் ஏறினார்.

“அந்த எழுத்து என்னவாம்?”

“ஆமியை விட்டு வீட்டை போற வருசமாம், மாமா.”

“அவனுக்கெண்டாலும் வீட்டை போற வருசம் தெரிஞ்சிருக்கு,” என்றார். அதன்பின் எங்கள் தரிப்பிடம் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிக் களிப்பில் அவருக்குப் பேச்சு எழவில்லை என்றே நான் அன்று எண்ணினேன்.

அரிய கோட்டொன்றை அம்மா தோய்த்துக் கெடுத்துவிட்டார் என்று உறவினர் வீடுகளில் இன்றும் கதை சொல்கிறார்கள். அது பிழை. தோய்த்தபடியால்தான் எழுத்துத் தெரிந்தது. கோட்டின் கைகள் இரண்டு விரற்கடை சுருங்கின, அவ்வளவே.