போடாத கவசம்

பாரிசின் ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் சேலைக் கடையின் தையல்காரர் வலன்ரைன். மன்னார்க்காரர். அவர் தைத்த சேலைச் சட்டையை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் சனத்துக்குத் தெரிந்தது அவர் அழுத கதைதான். பாரிசுக்கு வந்த புதிதில் கார் து நோர் ரயில் நிலையத்தில் திசை மாறி ரயில் ஏறி, விமான நிலையத்தில் இறங்கி, விமானங்களைக் கண்டதும் அழுதாராம். முதலாளி தவரத்தினம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை நடித்துக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்களுக்கு ரோசமில்லையோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வேலை தந்த மனிசன்" என்றார். அந்த நன்றிதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போன சனிக்கிழமை அவருடைய மெசினில் தடித்த தோல் கவசமொன்று கிடந்தது. வாள்வீச்சுப் பழக்கும் ழான்-லூக், தையல் விட்டுப்போனதென்று கொண்டுவந்தது. பெயர் பிளாஸ்ட்ரோன். முந்தி அது போர்வீரன் நெஞ்சில் கட்டிய இரும்புத் தகடாம். பிறகு, மாணவர்கள் குத்திப் பழகுவதற்காக ஆசிரியர் கட்டிக்கொள்ளும் தோல் மெத்தையாம். அதற்கும் பிறகு, எல்லாரும் நக்கலடிக்கும் ஆளையே அந்தப் பெயரால் சொன்னார்களாம். ழான்-லூக் விளக்கிவிட்டுப் போனதும், வலன்ரைன் தைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அவருடைய மகள் சுஜானி வந்தாள். கடை நிறையச் சனம். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? கண்ணைக் கசக்கி, மூக்கை உறிஞ்சி, தொடங்கிவிட்டார். சனம் சிரித்தது. சுஜானியும் சிரித்தாள், பாவி.

வலன்ரைன் மெசினை நிறுத்திவிட்டு எழுந்தார். கவசத்தை எடுத்து முதலாளிக்கு முன்னால் மேசையில் போட்டார்.

"இதைப் போடுறவர் தானாப் போட்டுக்கொண்டு, குத்து எண்டு நெஞ்சைக் காட்டுறவர். நான் உங்களுக்கு எப்ப காட்டினனான்?"

"சும்மா பகிடிக்கடாப்பா."

"பொலிஸ் பிடிச்சு இலங்கைக்குத் திருப்பி அனுப்பினா அங்கை கொல்லுவாங்கள் எண்டு பயந்து அழுதனான். இதிலை எது பகிடி?"

முதலாளி அசடு வழிந்தபடி சுஜானியிடம் திரும்பினார்.

"நீ சொல்லு பிள்ளை, பகிடிதானே?"

வீட்டில்கூடப் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை அவள். அன்றைக்கு அத்தனை பேருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னாள்.

"இல்லை அங்கிள். இனி இதைச் சொல்லாதேங்கோ."