அட்டையைக் காட்டி வாங்கிய முகம்

போன வாரம் பரளச்சி பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு. தட்டு மாற்ற வேண்டும்... பெண்ணின் அம்மாவைக் காணோம்!

பெண்ணின் அம்மா வேறு யாருமில்லை, என் சித்தி மகள் முத்துலட்சுமி. தேடிப் போனால், வீட்டுக்குப் பின்னால் சமையல் நடக்கிற கொட்டகையில், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள். சமையலுக்குத்தான் ஆள் போட்டிருக்கிறார்களே, இவளுக்கு என்ன வெங்காயம்?

"ஏண்டி, எல்லாரும் ஒன்னையத்தான் தேடுறாக. எந்திரி."

"நான் வரலக்கா. போட்டோ எடுப்பாக. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக முன்னாடி எப்படி நிக்க?"

முந்தானையை விலக்கினாள். கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பு. அவள் உரித்துப்போட்ட வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துபோய், உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிகிறது. தாடை ஓரத்தில் ரோமம் வேறு. நேரில் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். போனில் பேசினால் முகமா தெரிகிறது?

தட்டு மாற்றியது அவளுடைய நாத்தனார். பெற்றவள் கடைசிவரை கொட்டகையை விட்டு வரவில்லை.

இதில் என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன் — வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது பிரசவத்தின்போதே முத்துலட்சுமிக்குக் கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது. பழுப்பாக, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார்தான் விடவில்லை. "இவ மூஞ்சியில மங்கு விழுந்த வருசந்தான் நம்ம கெணறு வத்துச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மழை பெய்யாததற்கு ஒரு பெண்ணின் கன்னமா காரணம்? ஆனால் கேட்டுக் கேட்டு, அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அந்த அட்டைத் துண்டு வந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மருந்தின் பெயர் யார் வாயிலும் நுழையாது. அதனால் டியூப் வருகிற பெட்டியின் அட்டையைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். டவுனுக்குப் போகிறவரிடம் கொடுத்து, "இதக் காட்டி ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்பார்கள். அட்டை கை மாறும், தெரு மாறும். எந்த டாக்டர், யாருக்கு, எதற்கு எழுதியது... யார் கேட்டோம்?

முத்துலட்சுமியிடம் வந்த அட்டை, நரிக்குடியில் யாரோ ஒருவருக்கு இடுப்பில் வந்த படர்தாமரைக்காக எழுதியதாம்! அதை நான் குடியிருக்கிற அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் காட்டி, மாதா மாதம் வாங்கி, ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பியது நான். ஏறக்குறைய இரண்டு வருஷம். படித்தவள், பத்தி எழுதுகிறவள்!

முதல் மாதமே மங்கு வெளுத்ததாம். "அக்கா, மொகம் பளிச்சுன்னு ஆயிருச்சு" என்று போனில் சிரித்தாள். அப்புறம் ஒரு நாள் பூசாவிட்டால்கூட எரிச்சல். எரிந்ததால் இன்னும் பூசினாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மதுரையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். டியூப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. இத யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதலைங்க. எங்க அக்காதான் வாங்கிக் குடுத்தாக" என்றாள் முத்துலட்சுமி. குறையாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். மங்கு ஒரு கெட்ட நோயே இல்லை. பிரசவம், ஹார்மோன், பரம்பரை, எல்லாவற்றுக்கும் மேல் வெயில் — இவற்றால் வருவது. முறையாகப் பார்த்தால் மெதுவாகக் குறையும், வெயில் பட்டால் திரும்பவும் வரும். ஆனால் இந்த க்ரீமோ தோலையே தின்றுவிட்டது. இதை விடுகிறபோது முதலில் இன்னும் சிவக்கும், எரியும். வேறு மருந்து உண்டு, மாதக் கணக்கில் பொறுக்க வேண்டும். முழுசாகப் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது.

"வெயில்ல அதிகம் போகாதீங்க. போனா சன்ஸ்க்ரீன் போட்டு, முகத்த மூடிக்கோங்க" என்றார்.

"வெயிலுக்குப் போகாம காட்டுல மொளகாப் பழம் யாருங்க எடுப்பா?" முத்துலட்சுமி சிரிக்கத்தான் பார்த்தாள். கன்னம் இழுத்து எரிந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வெயில். இடம் மாறி உட்கார்ந்தோம். அருப்புக்கோட்டையில் இறங்குகிற நேரத்தில் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தையில கல்யாணம். மகளுக்குப் பக்கத்துல நான் நிக்கணும்க்கா. அந்தப் பழைய மங்கு மூஞ்சியாச்சும் எனக்குத் திரும்பக் கெடச்சிருமா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த முகம் நன்றாகத்தானே இருந்தது! இத்தனை வருஷத்தில் ஒரு தடவை நான் அதை அவளிடம் சொல்லியிருந்தால், ஒரு டியூப்கூட வாங்கியிருக்க வேண்டாம்.